வைத்தியரா, வாரிசா? 1932-இல் ஜெர்மன் சோசலிஸ்டுகளின் மேசையில் கிடந்த திட்டங்கள்

1931 மே கடைசியில் லைப்ஸிக் நகரில் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் மாநாடு கூடியது. மரத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஃபிரிட்ஸ் டார்னோ அங்கே ஒரு கேள்வி கேட்டார். முதலாளித்துவம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. கட்டிலருகே நிற்கும் நாம் யார்? குணப்படுத்த வந்த வைத்தியரா? இல்லை, எப்போது கண்ணை மூடும் என்று காத்திருக்கிற, முடிந்தால் கொஞ்சம் விஷமும் கலந்து கொடுக்கத் தயாரான வாரிசா? இரண்டு வேலையும் நம் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று பதிலையும் அவரே சொன்னார்.

டார்னோ தச்சு வேலை கற்றுத் தொழிலுக்கு வந்தவர். கட்சியில் நிஜமாகவே வைத்தியம் படித்த ஒருவர் இருந்தார்: ருடால்ஃப் ஹில்ஃபெர்டிங். வியன்னாவில் மருத்துவப் பட்டம் வாங்கியவர், முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்தில் டாக்டர், 1910-இல் வந்த 'நிதி மூலதனம்' நூலின் ஆசிரியர், இரண்டு முறை நிதியமைச்சர். அடுத்த ஆண்டு விஷயம் முற்றியபோது தச்சர் மருந்து கொடுக்கலாம் என்றார். டாக்டர், வேண்டாம், நோய் தன் போக்கில் போய்த் தணியட்டும் என்றார்.

மார்க்சியப் பொருளாதாரமும் ஜனநாயக சோசலிசமும் என்று பேச்சு எடுத்தாலே நம் ஆட்கள் 1899-க்குப் போய்விடுவார்கள். படிப்படியான சீர்திருத்தமே வழி என்ற பெர்ன்ஸ்டைன் சொன்னது சரியா, புரட்சி வேண்டும் என்ற ரோசா லக்சம்பர்க் சொன்னது சரியா என்று பட்டிமன்றம் வைப்பார்கள். அது நல்ல பட்டிமன்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது யாரும் எதையும் உடனே முடிவு செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. 1932-இல் இருந்தது. அதனால் இங்கே அந்த ஆண்டை எடுத்துக்கொண்டு, கட்சியின் முன்னால் கிடந்த வழிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறேன்.

முதலில் நிலவரம். 1932 பிப்ரவரியில் ஜெர்மனியில் வேலையில்லாமல் பதிவு செய்திருந்தவர்கள் 61 லட்சம் பேர். தொழிற்சங்க உறுப்பினர்களிலேயே பத்துக்கு நாலு பேருக்கு மேல் வேலை இல்லை. சந்தா கட்டுகிற கை குறைகிறது, வேலைநிறுத்தம் என்று மிரட்டினால் முதலாளி சிரிக்கிறான். பிரதமர் ஹைன்ரிஷ் புரூனிங் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல், அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு அவசரச் சட்டங்களால் ஆண்டுகொண்டிருந்தார். 1931 டிசம்பர் 8-ஆம் தேதி வந்த அவசரச் சட்டம் கூலியை 1927 ஜனவரி மட்டத்துக்கு இறக்கியது. சமூக ஜனநாயகக் கட்சி அரசில் இல்லை; அதே நேரம் கவிழ்க்கவும் இல்லை. 1930 செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 107 இடம் பிடித்திருந்தார்கள். புரூனிங் போனால் அடுத்து யார் என்ற பயம் கட்சியைக் கட்டிப்போட்டிருந்தது.

கட்சி ஏன் அரசில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1930 மார்ச்சில் அதன் தலைமையிலான கூட்டணி அரசு, வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதா கூடாதா என்ற தகராறில் கவிழ்ந்தது. அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும் வித்தியாசம். தொழிற்சங்கங்களும் கட்சியின் நாடாளுமன்றக் குழுவும் சமரசத்தை ஏற்கவில்லை. சாவுக்குப் பயந்து தற்கொலை செய்துகொள்வது நல்லதல்ல என்று அப்போது எழுதியவர் இதே ஹில்ஃபெர்டிங்தான். வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டே அவர் வாதத்தைக் கேட்போம்.

அவர் சொன்ன வழி: பொறுத்திரு. கடன் வாங்கிச் செலவு செய்யாதே. நாணயத்தைக் காப்பாற்று, குடியரசைக் காப்பாற்று, நெருக்கடி அடித்தளம் தொட்டுத் தானாகத் திரும்பும்.

இதற்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று நினைவு. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நிதியமைச்சராக இருந்தவர் ஹில்ஃபெர்டிங். ஆயுள் முழுக்கச் சேர்த்த காசு ஒரு ரொட்டிக்கும் ஆகாமல் போனதைப் பார்த்த தொழிலாளியிடம் போய் அரசு கடன் வாங்கட்டும், வங்கி நோட்டு அடிக்கட்டும் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? இரண்டாவது, சொந்த அனுபவம். 1929 கடைசியில் அவர் மறுபடி நிதியமைச்சராக இருந்தபோது கஜானா காலி. வெளிநாட்டுக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். மத்திய வங்கித் தலைவர் ஷாஹ்ட் குறுக்கே விழுந்து நிபந்தனை போட்டார். டிசம்பரில் ஹில்ஃபெர்டிங் பதவி விலகினார். ஒரு சோசலிஸ்ட் அமைச்சர் கடன் வாங்கப் போனால் கதவை யார் மூடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது, பிரஷ்யா. ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலம், அதன் போலீஸ் உட்பட, சமூக ஜனநாயகவாதி ஓட்டோ பிரவுனின் கையில் இருந்தது. அந்த ஆட்சி புரூனிங்கின் கத்தோலிக்கக் கட்சியின் தயவில் நின்றது. மத்தியில் கை வைத்தால் மாநிலம் போகும்.

இவை மூன்றும் அரசியல் காரணங்கள். இவற்றோடு நின்றிருந்தால் ஹில்ஃபெர்டிங்கோடு பாதி உடன்பட்டிருப்பேன். ஆனால் கோட்பாடும் சேர்ந்துகொண்டது. நெருக்கடி ஏன் வருகிறது என்பதற்கு 'நிதி மூலதனம்' சொல்லும் பதில், உற்பத்தித் துறைகளுக்குள் விகிதம் குலைவதுதான் என்பது. இரும்பு, இயந்திரம் செய்கிற துறை ஒரு வேகத்தில் வளர்கிறது, துணி, உணவு செய்கிற துறை வேறு வேகத்தில் வளர்கிறது. ஒரு கட்டத்தில் கணக்கு இடிக்கிறது. நெருக்கடி என்பது இந்தக் கணக்கை அடித்துச் சரிசெய்கிற முறை. அப்படியென்றால் நடுவில் புகுந்து வாங்கும் சக்தியை ஊட்டுவதில் என்ன பயன்? சரியாக வேண்டிய விகிதத்தை இன்னும் குலைப்பதாகத்தான் முடியும்.

மார்க்சே என்ன சொன்னார் என்று கேட்டால் இரு தரப்புக்கும் மேற்கோள் கிடைக்கும். 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில், வாங்க ஆளில்லாததால் நெருக்கடி வருகிறது என்பது சொன்னதையே திருப்பிச் சொல்வது, நெருக்கடிக்குச் சற்று முன்புதான் கூலி ஏறியிருக்கும் என்று கிண்டல் செய்கிறார். மூன்றாம் பாகத்தில், எல்லா நெருக்கடிகளுக்கும் கடைசிக் காரணம் மக்களின் வறுமையும் அவர்களால் குறைவாகவே நுகர முடிவதும்தான் என்கிறார். இரண்டும் அவர் இறந்த பிறகு எங்கெல்ஸ் தொகுத்து வெளியிட்ட கைப்பிரதிகள். முடிவான நெருக்கடிக் கோட்பாடு ஒன்றை மார்க்ஸ் எழுதி முடிக்கவே இல்லை. ஆகவே 1932-இல் ஒருவர் "மார்க்சியம் இதை அனுமதிக்காது" என்று சொன்னால், எந்தப் பாகம் என்று திருப்பிக் கேட்க இடம் இருந்தது.

கேட்டவர் விளாதிமிர் வொய்டின்ஸ்கி. சுவாரசியமான மனிதர். பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, இளமையில் போல்ஷெவிக்காகத் தொடங்கி, பிறகு அவர்களின் எதிரணியான மென்ஷெவிக்காகி, புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, பெர்லினில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவரானவர். அவரும் டார்னோவும் விவசாயப் பொருளாதாரம் தெரிந்த ஃபிரிட்ஸ் பாடேயும் சேர்ந்து 1932 ஜனவரியில் ஒரு திட்டம் கொடுத்தார்கள். மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வேடெபே திட்டம் என்று பெயர். பத்து லட்சம் பேருக்கு உடனே பொதுப்பணி: சாலை, வெள்ளத் தடுப்பு, விவசாய நில மேம்பாடு, சிறு வீடுகள், ரயில்வேக்கும் தபால் துறைக்கும் வேண்டிய ஆர்டர்கள். வாரம் 40 மணி நேர வேலை. செலவு 200 கோடி மார்க், கடனாக.

கணக்கைப் பாருங்கள். தலைக்கு 2,000 மார்க். கூலி, தளவாடம் எல்லாம் சேர்த்து. அந்த ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த உதவித்தொகை மிச்சமாகிறது. அவர் சம்பளம் வாங்கியதும் வரியும் காப்பீட்டுச் சந்தாவும் திரும்பக் கஜானாவுக்கு வருகிறது. அவர் செருப்பு வாங்கினால் செருப்புத் தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் கூடுகிறது. பணவீக்கம் வராதா என்ற கேள்விக்கு அவர்கள் பதில்: இயந்திரம் சும்மா நிற்கிறது, ஆள் சும்மா நிற்கிறான், விலை விழுந்துகொண்டே இருக்கிறது; இந்த நிலையில் புதிதாக வரும் பணம் பொருளைத்தான் வெளியே இழுக்கும். மந்தத்தில் அரசு கடன் வாங்கிச் செலவு செய்யலாம் என்று வாதிட்ட ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கெயின்ஸின் பெரிய நூல் 1936-இல்தான் வரப்போகிறது. இவர்கள் அதற்கு நாலு ஆண்டு முன்பே சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கட்சித் தலைவர்களோடு நடந்த கூட்டத்தைப் பற்றி வொய்டின்ஸ்கி பல ஆண்டுகள் கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு தரப்பின் சாட்சியம் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். பொதுப்பணியால் மந்தத்தைத் தணிக்கலாம் என்று நினைப்பவர்கள் தாங்கள் மார்க்சியர்கள் இல்லை என்றுதான் காட்டிக்கொள்கிறார்கள் என ஹில்ஃபெர்டிங் ஆரம்பித்தாராம். நம் வேலைத்திட்டத்தின் அடித்தளம் உழைப்பு மட்டுமே மதிப்பைப் படைக்கிறது என்பது. நெருக்கடி முதலாளித்துவக் குழப்பத்தின் விளைவு. அது தானாக முடியும், இல்லை அமைப்பே சரியும் என்றாராம். வெளியே 60 லட்சம் பேர் நிற்கும்போது உள்ளே மதிப்புக் கோட்பாடு. ஏப்ரல் 13-ஆம் தேதி தொழிற்சங்கங்களின் நெருக்கடி மாநாடு கூடி வேலைவாய்ப்புக் கோரிக்கையை ஏற்றது. ஆனால் கடன் பற்றிய பகுதி நீர்த்துப் போயிருந்தது, கட்சி அதைத் தன் கொடியாகத் தூக்கவில்லை.

ஹில்ஃபெர்டிங்கிடம் எனக்கு இருக்கும் பெரிய சண்டை இங்கேதான். 1927-இல் கீல் மாநாட்டில் 'ஒழுங்கமைந்த முதலாளித்துவம்' என்று பேசியவர் அவர். கார்ட்டெல்களும் (விலையையும் சந்தையையும் பேசிப் பங்கிட்டுக்கொள்ளும் நிறுவனக் கூட்டுகள்) பெரிய வங்கிகளும் சந்தைக் குழப்பத்தைக் குறைத்துவிட்டன, இனி ஜனநாயக அரசு பொருளாதாரத்தைத் திட்டமிட்டு நடத்த முடியும் என்றார். கடனும் கார்ட்டெல்களும் நெருக்கடியைத் தணிக்கின்றன என்று 1899-இல் பெர்ன்ஸ்டைன் சொன்னபோது, கடன் நெருக்கடியை இன்னும் கூர்மையாக்கும் என்று லக்சம்பர்க் அடித்துப் பேசினார். 1927 ஹில்ஃபெர்டிங் கிட்டத்தட்ட பெர்ன்ஸ்டைன் பக்கம் வந்துவிட்டார். (ஹில்ஃபெர்டிங்குக்கும் லக்சம்பர்க்குக்கும் வேறொரு தொடர்பும் உண்டு: பெர்லின் கட்சிப் பள்ளியில் பாடம் நடத்திய ஹில்ஃபெர்டிங்கை வெளிநாட்டவர் என்று பிரஷ்யப் போலீஸ் தடுத்தபோது, அந்த இடத்துக்கு வந்த ஆசிரியை லக்சம்பர்க்.) நல்ல காலத்தில் அரசால் வழிநடத்த முடியும் என்றவர், கெட்ட காலத்தில் அரசால் ஒன்றும் ஆகாது என்கிறார். இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்?

மூன்றாவது வழிக்கு அவர் பிறந்த ஊரே உதாரணம். வியன்னாவில் 1919 முதல் சமூக ஜனநாயகவாதிகள் மாநகராட்சியைக் கையில் வைத்திருந்தார்கள். நிதிப் பொறுப்பு ஹூகோ பிரெய்ட்னரிடம். அவர் கடனை நம்பவில்லை. 1923-இல் வீட்டு வரி ஒன்றைப் போட்டார். குடிசைக்குச் சில்லறை, மாளிகைக்குக் கனமான தொகை. வேலைக்காரர்கள் வைத்திருந்தால் வரி, பந்தயக் குதிரைக்கு வரி, மோட்டார் காருக்கு வரி, கேளிக்கைக்கு வரி. அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கு மேல் வீடுகள் எழுந்தன. 1930 அக்டோபரில் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். 1,382 வீடுகள், நடுவில் முற்றம், பொதுச் சலவைக்கூடம், குளியல்கூடம், பாலர் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை. கட்டிய செலவை வாடகையில் வசூலிக்கவில்லை, பராமரிப்புக்கு ஆகும் தொகையை மட்டும் வாங்கினார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு நாலு பங்கு அளவில்தான் வாடகை.

இதில் எனக்குப் பிடித்தது, எந்த வங்கிக்காரனிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது. ஷாஹ்ட் போன்றவர் மூடுவதற்குக் கதவே இல்லை. மார்க்சின் உபரி மதிப்பை, அதாவது தொழிலாளி படைத்து முதலாளி எடுத்துக்கொள்ளும் பங்கை, நகராட்சி ரசீதில் எழுதியது மாதிரி ஒரு நேர்த்தி. ஆனால் நெருக்கடிக்கு இது மருந்தாகாது. வியாபாரம் படுத்தால் வரியும் படுக்கிறது, கட்டடம் மெதுவாகிறது, அதிக வேலை வேண்டிய நேரத்தில் குறைந்த வேலைதான் கொடுக்க முடிகிறது. அதோடு வரி அதிகாரம் மத்திய அரசின் பங்கீட்டில் தொங்கியது. 1931-இல் ஆஸ்திரியக் கத்தோலிக்கக் கட்சி ஆண்ட மத்திய அரசு அந்தப் பங்கை வெட்டியது, அடுத்த ஆண்டு பிரெய்ட்னர் பதவியிலிருந்து விலகினார். 1934 பிப்ரவரியில் ராணுவம் அந்தக் குடியிருப்பின் மேலேயே பீரங்கியால் சுட்டது. ஒரு நகரத்தில் மட்டும் சோசலிசம் என்பதன் எல்லை அது. ஜெர்மானியர்கள் 1925-இல் இதைப் பின்பற்றியிருக்க வேண்டும். 1932-இல் காலம் கடந்துவிட்டது.

நாலாவது, முழுத் தேசியமயம். கம்யூனிஸ்டுகள் புரட்சி என்றார்கள், சமூக ஜனநாயகவாதிகளைச் சமூகப் பாசிஸ்டுகள் என்று திட்டுவதில் பாதி நேரத்தைச் செலவழித்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியும் 1932 கோடையில் கனரகத் தொழில், வங்கி எல்லாம் அரசுடைமை என்று மசோதாக்கள் கொண்டுவந்தது. 1918 கடைசியில், ஆட்சியே கையில் இருந்தபோது, கட்சியின் மூத்த மார்க்சிய அறிஞர் காவுத்ஸ்கி தலைமையில் ஒரு சமூகமயமாக்கல் ஆணையம் போட்டு, ஹில்ஃபெர்டிங்கும் அதில் உட்கார்ந்து, ஒரு நிலக்கரிச் சுரங்கம்கூட கைமாறவில்லை. பெரும்பான்மை இல்லாத 1932-இல் அதே கோரிக்கை வெறும் காகிதம். இதைப் பற்றி மேலே எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

இனி பக்கத்து நாடு. சுவீடனின் எர்ன்ஸ்ட் விக்ஃபோர்ஸ் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை, மொழியியல் படித்தவர். தன் ஊர்ப்புற வட்டார வழக்கை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். மார்க்சை நன்றாகப் படித்தவர், அதை மறைத்ததும் இல்லை. 1932 தேர்தலுக்கு அவர் எழுதிய சிறு பிரசுரத்தின் தலைப்பே "வேலை செய்ய நமக்குக் கட்டுபடியாகுமா?" என்பது. கேள்வியிலேயே கிண்டல் இருக்கிறது. ஏழையாகிவிட்டோம், அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம் என்று எந்தக் குடும்பமாவது சொல்லுமா என்று கேட்டார். கட்சி 41.7 சதவீத ஓட்டு வாங்கியது. பெர் அல்பின் ஹான்சன் பிரதமர், விக்ஃபோர்ஸ் நிதியமைச்சர்.

பெரும்பான்மை அவர்களுக்கும் இல்லை. 1933 மே மாதம் விவசாயிகள் கட்சியோடு பேரம் பேசினார்கள். சுவீடன்காரர்களே இதை 'மாட்டு வியாபாரம்' என்று கேலியாகச் சொல்வார்கள். துண்டுபோட்டு மறைத்து விரலைப் பிடித்து விலை பேசும் நம் மாட்டுச் சந்தை நினைவுக்கு வந்தால் தப்பில்லை. வெண்ணெய்க்கும் தானியத்துக்கும் விலை ஆதரவு வேண்டும் என்றது விவசாயக் கட்சி. மலிவான ரொட்டி, தடையில்லா வணிகம் என்பது சோசலிஸ்டுகளின் பரம்பரைக் கொள்கை, அதை விழுங்கினார்கள். பதிலுக்குக் கிடைத்தது கடன் வாங்கிச் செய்யும் பொதுப்பணி, அதுவும் சந்தைக் கூலியில். அதற்கு முன் சுவீடனில் நிவாரண வேலைக்குக் கூலி வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டது. வேலையற்றோர் நிவாரண விதிகள் பற்றிய தகராறில் 1926-இல் ஒரு சோசலிஸ்ட் அரசே கவிழ்ந்திருந்தது.

சுவீடன் மீண்டதற்கு இந்தப் பொதுப்பணிதான் காரணம் என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். 1931 செப்டம்பரிலேயே சுவீடன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டும் பொன்மதிப்பு முறையை விட்டது, குரோனாவின் மதிப்பு இறங்கியது, ஏற்றுமதி பிடித்தது. மீட்சியில் பெரிய பங்கு அதற்குத்தான். பட்ஜெட் செலவு அளவில் சிறியது, தாமதமாகவும் வந்தது. பேரத்தால் கிடைத்த பெரிய லாபம் வேறு: விவசாயி நாஜி பக்கம் போகவில்லை.

கோட்பாட்டின் மேல் மட்டும் பழி போட முடியாது என்பதற்கு பிரிட்டன் சாட்சி. தொழிற்கட்சியின் நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடனுக்கும் மார்க்சுக்கும் சம்பந்தமே இல்லை. பட்ஜெட் சமன், தங்கம், தடையில்லா வணிகம் என்ற பழைய வேதத்தைக் கடைசிவரை ஓதினார். 1931 ஆகஸ்டில் வேலையின்மை உதவித்தொகையைப் பத்து சதவீதம் வெட்டுவதில் அமைச்சரவை இரண்டுபட்டு அரசு போனது. மார்க்சியரும் மார்க்சியர் அல்லாதவரும் ஒரே குழியில் விழுந்தார்கள். நெருக்கடி தானாகச் சரியாக வேண்டும் என்பதில் ஹில்ஃபெர்டிங்குக்கும் லண்டன் வங்கியாளருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விக்ஃபோர்ஸுக்கோ மார்க்ஸ் தடையாக இருக்கவே இல்லை.

அப்படியானால் 1932 ஏப்ரல் 13 அன்று அந்த மாநாட்டு மண்டபத்தில் எனக்கு ஓட்டு இருந்திருந்தால்? வேடெபே திட்டத்துக்குக் கை தூக்கியிருப்பேன், கடன் பகுதியை நீர்க்க விடாமல். நாடாளுமன்றத்தில் அது நிறைவேறியிருக்காது. புரூனிங், முதல் உலகப் போருக்காக ஜெர்மனி கட்ட வேண்டியிருந்த இழப்பீடு பற்றிய பேச்சு முடியும்வரை ஜெர்மனியால் கொடுக்க முடியாது என்று உலகத்துக்குக் காட்டுவதில் இருந்தார், மத்திய வங்கி சட்டமும் அரசுக்குக் கடன் கொடுப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஜெர்மன் கிராமங்களும் பெரும்பாலும் நாஜிகளிடம் போயிருந்தன. சுவீடனில் கிடைத்த மாட்டு வியாபாரத்துக்கு இங்கே எதிரே உட்கார ஆள் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் இரண்டு முறை வந்தது. வேலை கேட்பவனிடம் போய்ச் சொல்ல ஒரு வாக்கியமாவது கையில் இருந்திருக்கும்.

அந்த வாக்கியத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டார். மே 10-ஆம் தேதி நாஜித் தலைவர்களில் ஒருவரான கிரேகோர் ஷ்ட்ராசர் நாடாளுமன்றத்தில் எழுந்து வேலைவாய்ப்பு, அரசுக் கடன், மக்களின் முதலாளித்துவ எதிர்ப்பு ஏக்கம் என்று பேசினார். ஜூலைத் தேர்தலில் அவர்கள் கட்சி பொதுப்பணித் திட்டத்தை அச்சடித்து விநியோகித்தது. ஜூலை 31 முடிவு: நாஜிகள் 230 இடம், சமூக ஜனநாயகக் கட்சி 133. எதைக் காப்பாற்றுவதற்காகப் பொறுத்திருந்தார்களோ அந்தப் பிரஷ்ய ஆட்சியைப் பதினோரு நாள் முன்னதாகவே, ஜூலை 20-இல், அடுத்து வந்த பிரதமர் பாப்பன் ஓர் ஆணையால் கலைத்திருந்தார். போர் இழப்பீடும் அதே ஜூலையில் லோசான் நகரில் முடிவுக்கு வந்தது, புரூனிங் பதவி போய் ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

டிசம்பர் 18-இல் பெர்ன்ஸ்டைன் பெர்லினில் இறந்தார். ஆறு வாரத்தில் ஹிட்லர் பிரதமர். ஹில்ஃபெர்டிங் 1941 பிப்ரவரியில் பாரிஸில் கெஸ்டாப்போவின் சிறையில் உயிரிழந்தார். வொய்டின்ஸ்கி அமெரிக்காவுக்குப் போய் அங்கே புதிதாக வந்த சமூகப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தார். தச்சர் டார்னோ டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்து, 1940-இல் அங்கும் ஜெர்மன் படை வந்தபோது கடலைத் தாண்டி சுவீடனுக்குப் போனார். போர் முடியும்வரை அங்கேதான் இருந்தார். நிதியமைச்சர் அப்போதும் விக்ஃபோர்ஸ்தான்.